டேங்கரைத் தாங்கும் சுவர்

மேம்பாலத்து ஓரத்தில் நிற்கும் இடுப்பளவுக் கான்கிரீட் சுவர் காரைக் காப்பாற்றும். பதினெட்டு டன் சமையல் எரிவாயுவோடு வரும் புல்லட் டேங்கர் அதன் மேல் சாய்ந்தால் என்ன ஆகும்?

2025 ஜனவரி 3. பொழுது விடிவதற்கு முன், கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவோடு கோவைக்கு வந்த டேங்கர் லாரி, அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது டேங்க் தனியே கழன்று பாலத்தின் மேலேயே கவிழ்ந்தது. வாயு கசியத் தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, பல மணி நேரம் போராடிய பிறகே கிரேன்கள் டேங்கை நிமிர்த்தின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று அங்கே நின்று வேலை செய்தவர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ‘தப்பித்தோம்’ என்று பெருமூச்சு விட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது. டேங்க் பாலத்தின் மேல் விழுந்ததால் தப்பித்தோம். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்து ஓரத்துச் சுவரின் மேல் சாய்ந்திருந்தால், அந்தச் சுவர் அதைத் தாங்கியிருக்குமா? தமிழ்நாட்டில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மேம்பாலத்தைப் பார்த்தும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

சாலைத் தடுப்பை வடிவமைக்கும்போது, அந்தச் சாலையில் அதிகமாக ஓடும் வண்டியை மனத்தில் வைத்தே உயரத்தையும் வலிமையையும் முடிவு செய்கிறோம். பெரும்பாலான இடங்களுக்கு அது சரியான முறைதான். ஆனால் கீழே ரயில் பாதையோ, பேருந்து நிறுத்தமோ, குடியிருப்போ, மருத்துவமனையோ இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு தவறு. அங்கே எண்ணிக்கையில் அதிகமான வண்டியைப் பார்க்காமல், விழுந்தால் அதிக உயிரைப் பறிக்கும் வண்டியைப் பார்க்க வேண்டும். நம் சாலைகளில் அந்த வண்டி டேங்கர்.

ஹூஸ்டனில் நடந்தது

1976 மே 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில், இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளை இணைக்கும் உயர்த்தப்பட்ட வளைவுப் பாதையில் ஒரு டேங்கர் வந்தது. அதில் 7,509 கேலன், அதாவது 28,000 லிட்டருக்கு மேல், திரவ அம்மோனியா இருந்தது. வளைவில் அது பாலத்தின் ஓரத் தடுப்பை மோதி உடைத்து, பக்கத்து மேம்பாலத் தூணில் இடித்து, ஏறத்தாழ நாலரை மீட்டர் கீழே, வண்டிகள் நிறைந்து ஓடிய நெடுஞ்சாலையில் விழுந்து பிளந்தது. வெண்மேகமாகப் பரவிய அம்மோனியா, காருக்குள் இருந்தவர்களையும் விடவில்லை. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கைப்படி இறந்தவர்கள் 6 பேர். அவர்களில் 5 பேரைக் கொன்றது மோதல் அல்ல, சுவாசித்த அம்மோனியா. 78 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அளவுக்கு மீறிய வேகமும், டேங்குக்குள் திரவம் பக்கவாட்டில் அலைந்ததும் சேர்ந்தே வண்டியைக் கவிழ்த்தன என்று வாரியம் சொன்னது.

டேங்கர் விபத்தின் தனித்தன்மை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. கார் பாலத்திலிருந்து விழுந்தால் அதில் இருப்பவர்களுக்கு ஆபத்து. சரக்கு லாரி விழுந்தால் அதன் நேர் கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து. டேங்கர் விழுந்தால், விபத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் சாகிறார்கள். 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்ற ஊரில் எரிவாயு டேங்கர் ஒன்று சாலை நடுவே இருந்த பிரிப்புக் கட்டையில் மோதிக் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள். சாலையோர வீடுகளில் இருந்தவர்கள் அவர்கள். அந்த வண்டிக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பல உயிர்கள் போகாத இடத்திலும் சேதம் கொஞ்சமல்ல. 2004 ஆகஸ்ட் 26 அன்று ஜெர்மனியின் வீல்டால் பாலத்தில், ஒரு கார் மோதியதால் நிலைகுலைந்த எரிபொருள் டேங்கர் ஓரத் தடுப்பை உடைத்துக்கொண்டு 30 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. டேங்கர் ஓட்டுநர் இறந்தார். கீழே எரிந்த 32,000 லிட்டர் எரிபொருளின் வெப்பம் மேலே இருந்த பாலத்தின் எஃகை உருக்குலைத்தது. பாலத்தைச் சரிசெய்ய ஆன செலவு சுமார் 3 கோடி யூரோ. ஒரு தடுப்பின் விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தொகையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

டேங்கர் ஏன் வேறு மாதிரி மோதுகிறது?

எடை அதிகம் என்பது மட்டும் காரணமாக இருந்தால், சுவரைத் தடிமனாக்கினால் போதும். சிக்கல் உயரத்தில் இருக்கிறது. நிறைசுமையோடு நிற்கும் எரிபொருள் டேங்கரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். காருக்கு அது அரை மீட்டர் சொச்சம்தான். எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர் சுவரில் கார் மோதினால், சுவர் அதன் ஈர்ப்பு மையத்துக்கு மேல் நின்று திருப்பிவிடும். டேங்கர் மோதினால், சக்கரமும் சட்டமும் கீழே தடுக்கப்பட, மேலே இருக்கும் இருபது முப்பது டன் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். அப்போது சுவரே வண்டியைத் தடுக்கிவிடும் கட்டையாகிவிடுகிறது. சுவர் விரிசல்கூட விடாமல் நிற்க, டேங்க் அதன் மேல் உருண்டு அந்தப் பக்கம் விழலாம்.

இதே எடையுள்ள பெட்டி லாரி இப்படிச் செய்வதில்லை. அதன் சரக்குப் பெட்டிக்கு அடியில் விறைப்பான தரைத்தளம் இருக்கிறது. வண்டி சாயத் தொடங்கியதும் அந்தத் தளத்தின் விளிம்பு சுவரின் தலையில் அழுந்தி, மேலும் சாயாமல் தாங்கிக்கொள்ளும். உருளை வடிவ டேங்குக்கு அப்படி ஒரு விளிம்பு கிடையாது. அதன் வளைந்த வயிறு, தாழ்ந்த சுவரின் தலைக்கு மேல் வழுக்கி ஏறிவிடும். ஆகவே டேங்கருக்கான சுவர், டேங்கின் உடலையே நேராகத் தொட்டுத் தாங்கும் உயரத்தில் இருந்தாக வேண்டும்.

உள்ளே இருக்கும் திரவமும் சும்மா இருப்பதில்லை. நிறைகுடம் தளும்பாது என்பார்கள், ஆனால் எரிவாயு டேங்கரை நிறைகுடமாக்க முடியாது. வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும் என்பதற்காக, ஏறத்தாழ 85 விழுக்காட்டோடு நிரப்புவதை நிறுத்திவிடுவார்கள். மீதி இடத்தில் திரவம் அலைகிறது. டேங்குக்குள் குறுக்கே வைக்கப்படும் தடுப்புத் தகடுகள், பிரேக் போடும்போது திரவம் முன்னும் பின்னும் பாய்வதைக் குறைக்கும். வளைவில் இடமும் வலமும் அலைவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. சாதாரணக் காரைப் பக்கவாட்டில் தள்ளினால் கவிழ்வதற்கு முன் டயர் வழுக்கிவிடும். நிறைசுமை டேங்கரைக் கவிழ்க்கவோ, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு பக்கவாட்டு விசையே போதும். ஓட்டுநரின் காலுக்கடியில் ‘இன்னும் வழுக்கவில்லை’ என்ற நம்பிக்கை இருக்கும்போதே வண்டி சாய்ந்துவிடுகிறது.

சோதனைக் களம் சொல்வது

தடுப்பின் வலிமையை வாயால் சொல்லிப் பயனில்லை, மோதிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஆறு சோதனை நிலைகள் உண்டு. பரவலாகப் பயன்படும் மூன்றாம் நிலையில், 2,270 கிலோ பிக்கப் வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 25 பாகைக் கோணத்தில் சுவரில் மோத வேண்டும். ஆறாம் நிலையில் 36,000 கிலோ டேங்கர், 80 கி.மீ. வேகத்தில் 15 பாகையில் மோத வேண்டும். சுவரை நோக்கிச் செல்லும் வேகத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆற்றலைக் கணக்கிட்டால், முதலாவது சுமார் 156 கிலோஜூல், இரண்டாவது சுமார் 595 கிலோஜூல். ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்நாட்டுப் பால வடிவமைப்பு விதிகள் ஆறாம் நிலைத் தடுப்புக்கு 780 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசையைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. எண்பது டன் எடையைக் குறுக்கே சாய்த்து வைத்ததற்குச் சமம் அது.

இந்தச் சோதனையைத் தாங்கும் சுவரை முதலில் செய்து காட்டியவர்கள் டெக்சாஸ் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தார். அவர்களுடைய அறிக்கை 1984-இல் வெளிவந்தது. அந்தச் சுவரின் உயரம் 90 அங்குலம், அதாவது 2.29 மீட்டர். அது டேங்கரைத் தாங்கியது. ஆனாலும் அடுத்த பல பத்தாண்டுகளில் மிகச் சில இடங்களிலேயே அது கட்டப்பட்டது. விலை அதிகம், பாலத்துக்கு எடை அதிகம், ஓட்டுபவருக்குச் சுரங்கத்துக்குள் போவது போன்ற அடைப்பு. வேலை செய்யும் தீர்வும் கட்டுபடியாகாவிட்டால் அறிக்கையிலேயே தங்கிவிடும் என்பதற்கு இது சான்று.

பிறகு நெப்ராஸ்கா–லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். டேங்கின் உடலைத் தொட்டு நிறுத்துவதற்குத் தேவையான குறைந்தபட்ச உயரம் எவ்வளவு? கணினி வழி மோதல் கணக்குகளில் வடிவத்தைத் தேடிவிட்டு, 2021 டிசம்பரில் தண்ணீர் நிரப்பிய டேங்கரை ஓட்டுநர் இல்லாமல் புதிய கான்கிரீட் தடுப்பில் மோதவிட்டார்கள். தடுப்பின் உயரம் 62 அங்குலம், ஏறத்தாழ 1.57 மீட்டர். வண்டி சுவரைத் தாண்டவில்லை. அதை உரசிக்கொண்டே திசை திரும்பியது. பழைய வடிவத்தைவிட ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரம் குறைந்ததால், கான்கிரீட்டும் எடையும் செலவும் சேர்ந்து குறைகின்றன. ‘முடியும், ஆனால் கட்டுபடியாகாது’ என்ற பழைய பதில் இனி அவ்வளவு எளிதில் செல்லாது.

நம் விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் பாலத் தடுப்புகளை இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிகள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. விரைவுச் சாலைப் பாலங்களுக்கான வழக்கமான வகை, ஒன்றரை டன் வண்டி 110 கி.மீ. வேகத்தில் 20 பாகையில் மோதுவதைத் தாங்க வேண்டும். மற்றப் பாலங்களுக்கான வகை, அதே வண்டியை 80 கி.மீ. வேகத்தில் தாங்க வேண்டும். மூன்றாவது, உயர் தாங்குதிறன் வகை. ஆபத்து மிகுந்த இடங்கள், வண்டிகள் நெருக்கமாக ஓடும் ரயில் பாதைகளின் மேல், சிக்கலான சந்திப்புகள் ஆகியவற்றுக்கானது. சுமார் 30 டன் வண்டி 60 கி.மீ. வேகத்தில் 20 பாகையில் மோதுவதை அது தாங்க வேண்டும். முதல் இரண்டு வகைகளின் குறைந்தபட்ச உயரம் 90 சென்டிமீட்டர். மூன்றாவதன் உயரம் 1.55 மீட்டர்.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான வகை தாங்க வேண்டிய ஆற்றல் சுமார் 82 கிலோஜூல். அமெரிக்க டேங்கர் சோதனையின் ஆற்றல் அதைப் போல் ஏழு மடங்கு. நாம் அன்றாடம் கடக்கும் பெரும்பாலான பாலச் சுவர்கள் காருக்காகச் செய்யப்பட்டவை என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில் நல்ல செய்தியும் ஒன்று உண்டு. நம் மூன்றாவது வகையின் உயரம், நெப்ராஸ்காவில் டேங்கரைத் தடுத்த சுவரின் உயரத்தைவிட இரண்டு சென்டிமீட்டர்தான் குறைவு. ஆற்றல் கணக்கிலும் அது 487 கிலோஜூல் வரை வருகிறது. ஆக, தேவையான சுவர் நம் விதிகளுக்கு அந்நியமான ஒன்றல்ல. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. மூன்றாவது வகை எங்கே கட்டாயம் என்பதை, டேங்கர் ஓடும் வழிகளோடு சேர்த்து விதி வரையறுக்கவில்லை. அந்த வகை தாங்க வேண்டியது எடையையும் வேகத்தையும் வைத்துச் சொல்லப்பட்ட ஒரு வண்டியை. உருளை வயிறும் அலையும் திரவமும் கொண்ட டேங்கரை அல்ல.

டேங்கர்களுக்கு மணிக்கு 60 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதிக்கப்பட்டிருக்கும்போது, 60 கி.மீ. மோதலைத் தாங்கும் சுவர் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா வண்டியிலும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று நம்பிச் சுவர் கட்டுவது, விபத்தே நடக்காது என்று நம்பிச் சுவர் கட்டுவதற்கு ஒப்பாகும். விதியை மீறிய வேகத்திலும் மோதல் நடக்கிறது, ஹூஸ்டன் அறிக்கை சொன்னதும் அதைத்தான். எடையும் கூடியிருக்கிறது. 2018-இல் அச்சுச் சுமை விதிகள் தளர்த்தப்பட்டபின், ஒரு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது. 55 டன் வண்டி அதே 60 கி.மீ. வேகத்தில் அதே 20 பாகையில் மோதினால், ஆற்றல் 890 கிலோஜூலைத் தாண்டுகிறது. சட்டப்படி ஓடக்கூடிய வண்டியை, சட்டப்படி கட்டிய உயர் வகைச் சுவர் தாங்கும் என்ற உறுதி இல்லை. எடையை உயர்த்தும் ஆணையும் சுவரை உயர்த்தும் ஆணையும் ஒன்றாக வந்திருக்க வேண்டும்.

மறுப்புகளும் பதில்களும்

உயரமான விறைப்பான சுவர் காரில் வருபவர்களுக்கு ஆபத்து இல்லையா? வளைந்து கொடுக்கும் இரும்புத் தகட்டுத் தடுப்பு மோதலின் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும், கான்கிரீட் அப்படிச் செய்யாது என்பது உண்மை. சமவெளியில், ஓரம் விரிந்து கிடக்கும் சாலையில், இரும்புத் தடுப்போ, தடுப்பே இல்லாத திறந்த வெளியோதான் நல்லது. ஆனால் மேம்பாலத்தின் ஓரத்தில் ஏற்கெனவே கான்கிரீட்தான் நிற்கிறது. அங்கே 90 சென்டிமீட்டரை 157 ஆக்கினால் காருக்கு வரும் கூடுதல் தீங்கு சிறிது. கார் தொடும் கீழ்ப்பகுதியின் முகத்தைச் சரியான சரிவில் அமைத்தால், சாய்வாக மோதும் கார் மேலே ஏறாமல் திரும்பிவிடும். இரண்டு வண்டிகளுக்கும் ஒரே சுவர் போதும் என்பதே புதிய வடிவங்களின் நோக்கம்.

உயரமான சுவர் வளைவில் பார்வையை மறைக்கும் என்பது இன்னொரு மறுப்பு. வளைவில் பார்வையை மறைப்பது உட்பக்கச் சுவர். டேங்கர் சாய்வதோ வெளிப்பக்கம். உயரம் தேவைப்படுவது வெளிப்பக்கத்துக்கு மட்டுமே என்பதால், பெரும்பாலான வளைவுகளில் இந்த முரண்பாடே எழாது.

பாலத்தின் வலிமையைப் பற்றிய மறுப்பு இவற்றைவிட வலுவானது. சுவர் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அதைப் பிடித்து நிற்பது பாலத்தின் ஓரப் பலகம். பல டன் பக்கவாட்டு விசை சுவரின் அடியில் முறுக்காக மாறிப் பலகத்தைப் பிளக்கும். அந்த விசைக்குக் கம்பி கட்டாத பழைய மேம்பாலத்தில் புதிய சுவரை ஏற்றினால் பயனில்லை. பழைய பாலங்களில் டேங்கர்களின் வழியை மாற்றுவதும், அவற்றுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதுமே உடனடித் தீர்வு. ஆனால் வரைபடத்தில் இருக்கும் பாலத்துக்கு இந்தத் தடை கிடையாது. ஓரப் பலகத்துக்குக் கூடுதல் கம்பி சேர்ப்பது வரைபட நிலையில் மிகச் சிறிய செலவு. கட்டி முடித்தபின் அது ஏறக்குறைய முடியாத காரியம்.

முக்கியமான மறுப்பு கடைசியில் வருகிறது. விபத்தைத் தடுப்பதை விட்டுவிட்டு, விபத்துக்குப் பிந்தைய சுவரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில், மீடியன் இடைவெளியில் திரும்பிய எரிவாயு டேங்கர் மீது லாரி மோதி, கசிந்த வாயு தீப்பற்றி, பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே எந்த உயரச் சுவரும் உதவியிருக்காது. டேங்கர்கள் குறுக்கே திரும்ப அனுமதிக்கும் இடைவெளியை மூடுவதும், ஓட்டுநருக்கு ஓய்வு கொடுப்பதும், கவிழ்வைத் தடுக்கும் மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்குவதும், டேங்கையும் வண்டியையும் இணைக்கும் பாகங்களை ஒழுங்காகச் சோதிப்பதும்தான் முதல் வேலை. கோவையில் கழன்ற டேங்க் சொல்லும் பாடமும் அதுவே. ஆனால் இவை சுவருக்கு மாற்று அல்ல. வீல்டாலில் டேங்கர் ஓட்டுநர் தவறு செய்யவில்லை, வேறொருவர் ஓட்டிய கார் வந்து மோதியது. 2009 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் வளைவுப் பாதையில் கவிழ்ந்த எரிவாயு டேங்க், வண்டியிலிருந்து கழன்று, இரும்புத் தகட்டுத் தடுப்பை உடைத்து, மேம்பாலத் தூணையே அடித்தளத்திலிருந்து பெயர்த்துவிட்டது. தடுப்பு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபின் மிஞ்சும் கடைசி வேலி சுவர். கடைசி வேலி என்பதால் அதை வலுவில்லாமல் விடக் கூடாது.

சுவர் செய்யாததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆறாம் நிலைச் சோதனை கேட்பது, டேங்கர் சுவரைத் தாண்டக் கூடாது என்பதை. டேங்க் பிளக்கவே பிளக்காது என்றோ, தீ பற்றாது என்றோ எந்தச் சுவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஆபத்தைப் பாலத்தின் மேல் நிறுத்திவைப்பதற்கும், கூட்டத்தின் நடுவில் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மனித உயிர்களால் அளக்கப்படுவது. கோவையில் மீட்புப் படைக்குப் பல மணி நேரம் கிடைத்தது, டேங்க் பாலத்தின் மேல் கிடந்ததால்.

செய்ய வேண்டியது

எல்லாச் சாலையிலும் மதில் எழுப்பச் சொல்லவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் நிரப்பு நிலையங்களும் துறைமுக எரிபொருள் கிடங்குகளும் எங்கே இருக்கின்றன, அங்கிருந்து டேங்கர்கள் எந்த வழியாகப் போகின்றன என்பது மறைபொருள் அல்ல. அந்த வழிகளில் உள்ள மேம்பாலங்களையும், ரயில் பாதை மேல் செல்லும் பாலங்களையும், வளைவுப் பாதைகளையும் பட்டியலிட்டால், ஒரு மாநிலத்துக்குச் சில நூறு மீட்டர் நீளமுள்ள இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அவற்றில் புதிதாகக் கட்டுபவற்றுக்கு உயர் தாங்குதிறன் வகையை விருப்பமாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும். அந்த வகையின் எடையையும் வேகத்தையும், இன்று சட்டப்படி ஓடும் வண்டிகளுக்கு ஏற்றவாறு திருத்த வேண்டும். நம் நாட்டில் ஓடும் டேங்கரையே, நம் தொழிலாளர்கள் கட்டும் சுவரில், சோதனைக் களத்தில் மோதிப் பார்க்க வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் தூண்களுக்கும் இதே கணக்கில் காப்புச் சுவர் வேண்டும் என்பது இண்டியானாபொலிஸ் கற்றுக்கொடுத்தது.

மேம்பாலத் திட்ட அறிக்கை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும். இந்த வழியில் டேங்கர் ஓடுமா, ஓடினால் அதன் எடை என்ன, சுவர் அதைத் தாங்குமா, தாங்காவிட்டால் கீழே இருப்பவர்கள் யார் என்ற நான்கு கேள்விகளுக்குப் பொறியாளர் கையெழுத்திட்டுப் பதில் எழுத வேண்டும். பதில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பாலத்துக்கு அடியில் கடை வைத்திருப்பவருக்கும், அங்கே பேருந்துக்கு நிற்கும் மாணவிக்கும் மேலே எந்த வண்டி போக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் இருப்பவர்கள், அந்த வண்டி கீழே வராது என்று எழுத்தில் உறுதி கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.